எக்சிடன் ரிப்போர்ட்ல "பெக்கெர்ஜா சுவாய்"ன்னு எழுதி சைன் கேக்குறாங்க, போடலாமா?

நைட்ஷிப்ட்காரன் (பிறை, பினாங்கு)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், இன்னிக்குதான் மொத தடவ எழுதறேன், நீளமா இருந்தா மன்னிச்சிக்கோங்க.

பிறை பக்கம் ஒரு பிளாஸ்டிக் பெக்டரில லைன் லீடரா இருக்கேன், 9 வருசம் ஆச்சு. கம்பெனி பேர் வேண்டாம். மொத்தம் ஒரு 120 பேர், பாதிக்கு மேல நேப்பாள் பங்ளாதேஷ் பையனுங்க. போன வருசம் சேப்டி கமிட்டி போட்டப்ப தொழிலாளி சைடுல யாரும் கை தூக்கல, சூப்பர்வைசர் என் பேர எழுதிட்டாரு. மூனு மாசத்துக்கு ஒரு மீட்டிங், நாசி கண்டார் பொட்டலம் வரும், சாப்பிட்டுட்டு சைன் போட்டுட்டு வருவேன், அவ்ளோதான் நமக்கு தெரிஞ்ச கமிட்டி.

வியாழக்கெழம விடியகால 3.20 இருக்கும், 7ஆம் நம்பர் மெஷின்ல பீஸ் மோல்டுலயே (அச்சுலயே) ஒட்டிக்கிச்சு. நேப்பாள் பையன் ஒருத்தன், 24 வயசு, கேட்ட தொறந்து கைய விட்டு எடுக்கப் போயிருக்கான். கேட் தொறந்திருந்தா மோல்ட் மூடவே கூடாது. மூடிருச்சு. வலது கை, நடுவிரலும் மோதிர விரலும் மேல் மூட்டோட போச்சு. நான் ஓடிப்போறப்ப அவன் கத்தக்கூட இல்ல, கையப் பாத்துக்கிட்டே நின்னுக்கிட்டு இருந்தான், கிளவ்ஸோட சுத்தி கம்பெனி வேன்ல ஆஸ்பத்திரிக்கு ஏத்திவிட்டோம்.

நான் திரும்பி வரும்போது மணி ஆறரை. தரைய தின்னர் போட்டு கழுவிட்டாங்க, 7ஆம் நம்பர் ஓடிக்கிட்டு இருக்கு.

இப்ப விசயம் என்னன்னா ரிப்போர்ட் பாரத்த டைப் பண்ணியே கொண்டு வந்துட்டாரு சூப்பர்வைசர். காரணம்னு இருக்கிற கட்டத்துல "பெக்கெர்ஜா சுவாய்", தொழிலாளி கவனக்குறைவு, ரெண்டே வார்த்த. கமிட்டி மெம்பர்னு என் சைன் மட்டும் பாக்கி, திங்கக்கெழம காலைல வேணுமாம். ஹெச்ஆர் என்ன சொல்றாங்கன்னா மூனு நாள் எம்சி (மெடிக்கல் லீவு) அப்புறம் பேக்கிங்ல உக்கார வச்சி லைட் டூட்டி குடுத்துட்டா ஜேகேகேபிக்கு (வேலையிட பாதுகாப்பு பாக்கிற கவர்மெண்ட் இலாகா) சொல்ல வேண்டியதே இல்லன்னு. பையனுக்கு ஆஸ்பத்திரில குடுத்தது 21 நாள், அந்த பேப்பர அவன்கிட்ட இருந்து வாங்கி வச்சிக்கிட்டாங்க.

இன்னொன்னு. கேட் ஓரத்துல லிமிட் சுவிட்ச் இருக்கும் இல்ல, கேட் தொறந்தா மெஷின நிறுத்தறது, அத கேபிள் டை போட்டு அமுக்கி கட்டியிருந்துச்சு. தரைய கழுவறதுக்கு முன்னாடி, வேனுக்கு வழி விட்ட நேரத்துல போன்ல மூனு போட்டோ எடுத்துட்டேன். ஒரு காலத்துல வெள்ளையா இருந்த கேபிள் டை, இப்ப எண்ணெயும் தூசியும் ஏறி தே ஓ (பால் இல்லாத டீ) கலர்ல இருக்கு.

நான் என்ன செய்யட்டும்? எனக்கு ரெண்டு பிள்ளைங்க, வீட்டு லோன் இருக்கு.

---

மோல்டிங்மாமா (புக்கிட் மின்யாக்)

தம்பி மொதல்ல அந்த போட்டோவ போன்ல மட்டும் வச்சிக்காத. உனக்கே ஒரு இமெயில் போட்டுக்கோ, தேதி நேரம் எல்லாம் அதுலயே நிக்கும்.

நான் 22 வருசம் இஞ்செக்சன் மெஷின் டெக்னீசியனா இருந்தவன். நீ சொல்ற அந்த சுவிட்ச் ஒன்னே ஒன்னு இல்ல. நல்ல மெஷின்ல கேட்டுக்கு மூனு பாதுகாப்பு இருக்கும், கரண்டுல ஒன்னு, ஹைட்ராலிக்ல ஒன்னு, அப்புறம் மெக்கானிக்கலா ஒரு இரும்பு பார், கேட்ட தொறந்தா அது விழுந்து பிளாட்டன் (மோல்டு மாட்டியிருக்கிற தகடு) நகராம தடுக்கும். சுவிட்ச கட்டினாலும் அந்த பார் இருந்திருந்தா மோல்ட் மூடியிருக்க முடியாது. அப்ப அந்த பார் எங்க? போய் பாரு, என் கணக்குக்கு மெஷினுக்கு பின்னால எங்கயாவது சாஞ்சி கெடக்கும். மோல்ட் மாத்துறப்ப எடஞ்சலா இருக்குன்னு கழட்டுவானுங்க, திரும்ப மாட்ட மாட்டானுங்க. நானே ஒரு காலத்துல கழட்டினவன்தான், ஒளிக்க என்ன இருக்கு.

பீஸ் ஏன் ஒட்டுச்சுன்னும் கேளு. எஜெக்டர் பின் (பீஸ வெளிய தள்ளுற கம்பி) தேஞ்சிருந்தா ஒட்டும், கூலிங் சரியில்லன்னாலும் ஒட்டும். எத்தன நாளா ஒட்டுதுன்னு ரிஜெக்ட் ரிப்போர்ட்லயே தெரிஞ்சிடும்.

---

பட்டர்வொர்த்பேரோல்

நான் 14 வருசமா பேரோல் செய்றேன், சொக்சோ (தொழிலாளி இன்சூரன்ஸ்) பாரம் எல்லாம் என் கை வழியாத்தான் போகும். ஹெச்ஆர் சொல்றது தப்பு தம்பி, தெரிஞ்சே சொல்றாங்களா தெரியாம சொல்றாங்களான்னு எனக்கு தெரியல.

ஜேகேகேபிக்கு சொல்றது நாடோபோட் 2004ன்னு ஒரு விதி. அதுல நாலு நாளுக்கு மேல தன்னோட வழக்கமான வேலைய செய்ய முடியலன்னா ரிப்போர்ட் பண்ணணும்னு இருக்கு. வழக்கமான வேலன்ற வார்த்தைய கவனிங்க. மெஷின் ஓட்டுற பையன பேக்கிங்ல உக்கார வச்சா அது அவன் வழக்கமான வேல இல்ல, லைட் டூட்டிய காட்டி நாள் கணக்க கொறைக்க முடியாது. அதுக்கும் மேல விரல் மூட்டு போறது எல்லாம் பலத்த காயம்னு பட்டியல்லயே இருக்கு. உடனே பக்கத்து ஜேகேகேபி ஆபீசுக்கு போன்லயோ எதுலயோ சொல்லணும், 7 நாளுக்குள்ள ஜேகேகேபி 6 பாரம் போகணும், இப்ப மைகேகேபி சிஸ்டம்ல ஆன்லைன்லயே போடலாம். அதே எக்சிடன் வருசக் கடைசி ரெக்கார்டுக்காக ஜேகேகேபி 8லயும் வரணும், அது ஜனவரி 31க்குள்ள.

சொக்சோ தனி. ரெண்டையும் போட்டு கொழப்பிக்காதீங்க, நெறைய கம்பெனி "சொக்சோ போட்டாச்சு"ன்னா எல்லாம் முடிஞ்சதா நெனைக்கும். சொக்சோவுக்கு 34ஆம் பாரம், கம்பெனிக்கு தெரிஞ்ச 48 மணி நேரத்துக்குள்ள. வெளிநாட்டு பையன்னு சாக்கு சொன்னா விடாதீங்க, 2019 ஜனவரி 1லருந்து அவங்களுக்கும் வேல விபத்து திட்டம் சொக்சோலதான். எம்சி 4 நாளோ அதுக்கு மேலயோ இருந்தா தினசரி சம்பளத்துல 80 பெர்சன் சொக்சோ குடுக்கும், 3 நாள்னு சுருக்கினா அந்த காசு பையனுக்கு கெடைக்காது. விரல் போனது நெரந்தர ஊனம், அத ஜெமாஆ டாக்டர் போர்டு பாத்து எத்தன பெர்சன்னு சொல்லும், 20க்குள்ள வந்தா மொத்தமா ஒரே தடவையா வாங்கிக்கலாம். அந்த 21 நாள் எம்சி பேப்பர்தான் இது எல்லாத்துக்கும் ஆரம்பம். அத முதல்ல திரும்ப வாங்குங்க, குடுக்கலன்னா ஆஸ்பத்திரி ரெக்கார்ட் ஆபீஸ்ல காப்பி கேக்கலாம். கம்பெனி 34 போடவே மாட்டேன்னா பையன் நேரா சொக்சோ ஆபீசுக்கு போகலாம், தொணைக்கு ஒருத்தர் போங்க.

---

செராஸ்மேனேஜர் (கேஎல்)

நான் வேற பக்கம் பேசப் போறேன், திட்டாதீங்க.

கேட்ட தொறந்து கைய விட்டது யாரு? டிரெய்னிங் குடுக்கிறோம், சைன் வாங்கறோம், மெஷின் மேல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுறோம், அப்பவும் கைய விடுவாங்க. 1994 வேலையிட பாதுகாப்பு சட்டத்துலயே செக்சன் 24 தொழிலாளிக்கும் கடமை இருக்குன்னு சொல்லுது. எல்லாத்தையும் முதலாளி தலைல கட்டினா அப்புறம் எவன் பெக்டரி நடத்துவான். பையன் மேல பாவமாத்தான் இருக்கு, ஆனா கவனக்குறைவுன்னு எழுதறது பொய் இல்லையே லா.

---

மோல்டிங்மாமா

@செராஸ்மேனேஜர் அந்த சிவப்பு ஸ்டிக்கர் எந்த பாஷைல பாஸ்?

---

செராஸ்மேனேஜர்

மலாய்ல. சரி, படமும் இருக்கும்.

---

தைப்பிங்மச்சான்

எதுக்கு இவ்ளோ பேச்சு, பையன ஒரு லாயர்கிட்ட கூட்டிட்டுப் போய் கம்பெனி மேல கேஸ் போடுங்க, அஞ்சு லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வாங்கலாம். சட்டம் மாறிடுச்சு 5 லட்சம்னு பேப்பர்ல படிச்சேன்.

---

பட்டர்வொர்த்பேரோல்

@தைப்பிங்மச்சான் அந்த 5 லட்சம் பையனுக்கு வர்ற காசு இல்லண்ணே, அது அபராதம், கவர்மெண்டுக்கு போகும். 2024 ஜூன் 1ல திருத்தம் அமலுக்கு வந்துச்சு, முதலாளி கடமைய மீறினா முன்னாடி 50,000 வெள்ளி, இப்ப 5 லட்சம் வரைக்கும், ரெண்டு வருசம் ஜெயிலும் போடலாம், டைரக்டர் மேலயும் சேத்து போடலாம். சொக்சோல இருக்கிற தொழிலாளி வேல காயத்துக்காக முதலாளிகிட்ட நஷ்ட ஈடு கேட்டு தனியா கேஸ் போட முடியாது, சொக்சோ சட்டம் செக்சன் 31 தடுக்குது. அதனாலதான் சொக்சோ கிளைம ஒழுங்கா போடுங்கன்னு கத்துறேன், பையனுக்கு இருக்கிற வழி அதுதான்.

---

சுங்கைபூலோதாத்தா (ரிட்டையர்ட் சேப்டி)

தம்பி நைட்ஷிப்ட்காரன், பொறுமையா படி. நான் ரிட்டையராகி ஆறு வருசம், அதுக்கு முன்னாடி பெக்டரிங்கள்ல சேப்டி ஆபீசர்.

செராஸ் தம்பி சொன்னது பாதி சரி. பையன் கைய விட்டது உண்மை, ரிப்போர்ட்ல அது வரணும். ஆனா அந்த எடத்துல நிறுத்திட்டா நீ விசாரிக்கல, தீர்ப்பு சொல்லிட்ட. "கவனக்குறைவு"ன்னு எழுதிட்டா அடுத்து செய்ய என்ன இருக்கு? கவனமா இருங்கடான்னு ஒரு டூல்பாக்ஸ் பேச்சு, அவ்ளோதான், அடுத்த மாசம் 7ஆம் நம்பர்ல வேற ஒரு கை.

நான் எப்படி செய்வேன்னா, கேள்விய பையன்கிட்ட ஆரம்பிக்காம மெஷின்கிட்ட ஆரம்பிப்பேன். மோல்ட் ஏன் மூடுச்சு, கேட் தொறந்தத மெஷின் தெரிஞ்சிக்கல. ஏன் தெரிஞ்சிக்கல, சுவிட்ச் கட்டியிருந்துச்சு. ஏன் கட்டினாங்க? இங்கதான் நெறைய பேர் "டெக்னீசியன் தப்பு"ன்னு நிறுத்துவாங்க. டெக்னீசியனுக்கு என்ன வேண்டுதலா? நான் பாத்த கேசுல சுவிட்ச் பழசாயி சும்மா சும்மா மெஷின் நின்னுக்கிட்டு இருக்கும், ஸ்பேர் பார்ட்டுக்கு எழுதி போட்டிருப்பாங்க, வந்திருக்காது, டார்கெட் போர்டுல சிவப்பு நம்பர் ஏறும், யாரோ "ஓட்டு"ன்னு சொல்லியிருப்பாங்க. உங்க எடத்துல அதேதான்னு நான் சொல்லல. மெயின்டனன்ஸ் புக்கு, ஸ்பேர் பார்ட் ஆர்டர், ரிஜெக்ட் கணக்கு மூனையும் பக்கத்துல பக்கத்துல வச்சி தேதிய பாரு, அதுவே பேசும். அப்புறம் பகல் ஷிப்ட்ல பீஸ் ஒட்டினா என்ன செய்றாங்கன்னு சும்மா ஓரமா நின்னு பாரு. எல்லாரும் அதேமாதிரி கைய விட்டா அது ஒரு பையனோட கவனக்குறைவு இல்ல, உங்க பெக்டரில அதுதான் வேல செய்ற மொறை.

பையன்கிட்ட பேசறப்ப நேப்பாளி தெரிஞ்ச இன்னொரு பையன கூட வச்சிக்கோ, சூப்பர்வைசர் ரூம்ல வேண்டாம். "ஏன்டா கைய விட்ட"ன்னு ஆரம்பிக்காத. "அன்னிக்கு ராத்திரி வேலைக்கு வந்ததுலருந்து சொல்லு"ன்னு விட்டுடு, நடுவுல பேசாத. சாப்பாட்டு நேரம் எப்போ, எத்தனாவது நாள் தொடர்ந்து ஓட்டி, பீஸ் அன்னிக்கு எத்தன தடவ ஒட்டுச்சு, இதெல்லாம் தானா வரும்.

எடத்த கழுவினது பத்தி. இந்த மாதிரி விபத்து நடந்த எடத்த கலைக்கக் கூடாதுன்னு அதே நாடோபோட்ல இருக்கு. ஆள காப்பாத்த, மத்தவங்களுக்கு அடிபடாம தடுக்க, வேதனைய கொறைக்க, இந்த மாதிரி சில காரணத்துக்குத்தான் தொடலாம். ஆறரைக்கு மெஷின ஓட்டினது அதுல எதுலயும் வராது. நீ பாத்தத பாத்தபடி நேரத்தோட எழுதி வை.

கமிட்டி விசயத்துக்கு வர்றேன். 40 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா கமிட்டி கட்டாயம், விபத்த விசாரிக்கிறதும் அதோட வேலைதான், நாசி கண்டார் சாப்பிடறது மட்டும் இல்ல. கமிட்டி மெம்பரா வேலைய செஞ்சதுக்காகவோ பாதுகாப்பு பத்தி புகார் பண்ணதுக்காகவோ உன்ன வேலய விட்டு தூக்கறது, எடத்த மாத்தறது செக்சன் 27படி குத்தம். பேப்பர்ல இருக்கிறது வேற, நடக்கறது வேற, எனக்கும் தெரியும், ஆனா அந்த நம்பர் உன் வாய்ல இருந்து வந்தாலே ஹெச்ஆர் குரல் கொறையும்.

1991 மே 7, சுங்கை பூலோ பட்டாசு பெக்டரி வெடிச்சப்ப நான் கெப்போங்ல இருந்தேன், சத்தம் கேட்டுச்சு, மொதல்ல இடின்னு நெனச்சோம். 26 பேர். அதுக்கப்புறம்தான் இந்த 1994 சட்டமே வந்துச்சு.

கடைசியா ஒன்னு கேக்கறேன், கோவப்படாத. டெய்லி மெஷின் செக்லிஸ்ட் உங்க பெக்டரில யாரு சைன் போடுவாங்க?

---

நைட்ஷிப்ட்காரன்

மாமா சொன்ன மாதிரியே அந்த இரும்பு பார் 7ஆம் நம்பருக்கு பின்னால பேலட்டுக்கு இடையில கெடக்கு, துரு ஏறி. தாத்தா சொன்ன மாதிரி பகல் ஷிப்ட்ல போய் டீ குடிக்கிற சாக்குல நின்னு பாத்தேன், அரை மணி நேரத்துல நாலு தடவ கைய விட்டாங்க, அதுல ஒருத்தி 11 வருசம் வேல செய்ற நம்ம அக்கா.

தாத்தா கேட்ட கேள்விக்கு பதில். செக்லிஸ்ட்ல சைன் போடறது நான்தான். நேத்து ராத்திரி எடுத்து பாத்தேன். "சேப்டி கேட் ஓகே"ன்னு 7ஆம் நம்பருக்கு என் டிக் இருக்கு, இந்த மாசம் மட்டும் 17 நாள். ஷிப்ட் ஆரம்பத்துல 14 மெஷினுக்கும் சேத்து ஒரே கோடா இழுத்துடுவேன், எல்லாரும் அப்படித்தான் செய்றோம். அந்த சுவிட்ச் கட்டியிருக்குன்னு எனக்கு தெரியுமான்னு கேட்டா, பாத்திருப்பேன் தாத்தா. பாத்தத பாத்ததா எடுத்துக்கல.

மூனு நாளா தூங்கல, அதுக்கு காரணம் சூப்பர்வைசர் மட்டும் இல்ல.

---

சுங்கைபூலோதாத்தா

தெரியும். அதனாலதான் கேட்டேன்.

அதையும் ரிப்போர்ட்ல எழுது. "செக்லிஸ்ட்ல 17 நாள் ஓகேன்னு டிக் ஆகியிருக்கு, டிக் போட்டது நான், மெஷின தொட்டு பாக்கல, ஷிப்ட் மாறுற 10 நிமிசத்துல 14 மெஷின் பாக்க முடியாது"ன்னு அப்படியே எழுது. உன்ன விட்டுட்டு மத்தவங்க பேர மட்டும் எழுதினா அந்த செக்லிஸ்ட்ட எடுத்து உன் முகத்துக்கு முன்னாடி நீட்டுவாங்க, அதோட உன் ரிப்போர்ட் முடிஞ்சிடும். நீயே முதல்ல வச்சிட்டா அவங்க கைல ஒன்னும் இல்ல.

என்ன மாத்தணும்னு எழுதற எடத்துல "பயிற்சி"ய மொதல்ல போடாத. சுவிட்ச் மாத்து, பார திரும்ப மாட்டு, எஜெக்டர சரி பண்ணு, அது வரைக்கும் மெஷின நிறுத்து. பீஸ் ஒட்டினா யாரு எப்படி எடுக்கணும், பவர ஆப் பண்ணி பூட்டு போட்டு எடுக்கணுமா, அது அடுத்து. ஸ்டிக்கரும் கிளவ்சும் எல்லாத்துக்கும் கடைசி.

டைப் பண்ணி வந்த பாரத்துல சைன் போடாத. கிழிச்சும் போடாத, வாங்கி வச்சிக்கோ.

---

செராஸ்மேனேஜர்

சரி, 17 டிக்க படிச்சதும் எந்திரிச்சி போய் எங்க செக்லிஸ்ட்ட பாத்துட்டு வந்தேன். ஒரே கோடுதான். ஒன்னும் சொல்றதுக்கில்ல.

---

நைட்ஷிப்ட்காரன்

திங்கக்கெழம சாயங்காலம், சுருக்கமா சொல்லிடறேன்.

அவங்க பாரத்துல சைன் போடல. என் பொண்ணு டைப் பண்ணி குடுத்தா, மலாய்ல ரெண்டரை பக்கம், போட்டோ மூனு, என் 17 டிக்கோட. சூப்பர்வைசர் படிச்சிட்டு "நீ உன் தலையிலேயே மண்ண வாரி போட்டுக்கிற"ன்னாரு. செக்சன் 27ன்னு சொன்னேன், குரல் நடுங்கிருச்சு ஆனா சொல்லிட்டேன். ஹெச்ஆர் அம்மா ஒன்னும் பேசல, மத்தியானம் கூப்பிட்டு ஜேகேகேபி 6 போட்டாச்சுன்னாங்க, காப்பி கேட்டிருக்கேன், இன்னும் தரல. எம்சி பேப்பர் திரும்ப வந்துடுச்சு. பேரோல் அக்கா, நாளைக்கு லீவு எடுத்து பையன சொக்சோ ஆபீசுக்கு நானே கூட்டிட்டுப் போறேன், கம்பெனி 34 போட்டாங்களான்னு அங்கயே கேட்டுக்கறேன்.

இன்னொரு கூத்து. ரவுண்டு போனப்ப 3, 5, 11, 12 நாலு மெஷின்லயும் சுவிட்ச பாத்தேன், எல்லாம் சுத்தமா இருக்கு, தொடச்சி வச்ச மாதிரி. டூல் ரூம் குப்பைத் தொட்டில வெட்டி போட்ட கேபிள் டை அஞ்சு கெடந்துச்சு, கன்னங்கரேல்னு. தொட்டியோட போட்டோ எடுத்துட்டு, அஞ்சையும் பொறுக்கி பிளாஸ்டிக் பைல போட்டு என் லாக்கர்ல வச்சிட்டேன்.

---

மோல்டிங்மாமா

லாக்கர்ல வேண்டாம்டா தம்பி. கம்பெனி லாக்கருக்கு அவங்ககிட்ட ஸ்பேர் சாவி இருக்கும். வீட்டுக்கு எடுத்துட்டு போ.